மன்னார் தாம்போதியின் இரு பக்கமும் தெரிவது வெறும் வெளியா?

மலைநாட்டாள்:
பெப்ரவரியில் முதல்தடவையாக மன்னார் போய் வந்தேன். ஹட்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு நிலம் என்றாலே ஏற்றமும் இறக்கமும்தான். தள்ளாடி தாண்டி, மன்னார்த் தீவுக்குக் கடல் நடுவே போகும் தாம்போதியில் பஸ் ஏறியதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் தட்டை. தண்ணீர் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. உப்பு என்று நினைத்தேன். பிறகு அந்தக் கோடு நடந்தது. பூநாரைகள்!

பக்கத்தில் இருந்தவர், "இது சரணாலயம், ஆனால் ஒன்றும் இல்லை, வெறும் வெளி" என்றார். ஒன்றும் இல்லாத இடத்துக்கு அத்தனை பறவை ஏன் வருகிறது? இந்தத் தீவைப் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் பாட்டி தன் பாட்டியிடம் கேட்டதாக ஒன்று சொல்வார்: "மன்னார்க் கரையில தண்ணியப் பார்த்து நம்பாதே." அது என்ன கதை என்றும் ஆசை.

பேசாலையான்:
தங்கச்சி, அதற்குப் பெயர் வெறும் வெளி இல்லை, தரவை. மாரியில் வெள்ளம் நிற்கும், கோடையில் வெடிக்கும், உப்புப் பூக்கும். மாடு மேய்க்கிறவனுக்கு அது மேய்ச்சல் நிலம். இறால் பிடிக்கிறவனுக்கு அது தொழில். பஸ்ஸில் போகிறவனுக்குத்தான் வெளி.

தண்ணீர் எங்கே முடிகிறது என்று கேட்டீர்கள். அது மாதத்துக்கு மாதம் மாறும். எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு பெரிதாக இல்லை, ஒரு ஆள் உயரம்கூட வராது. ஆனால் தரை அவ்வளவு தட்டை என்பதால் ஒரு சாண் தண்ணீர் ஏறினால் போதும், கண்ணுக்கெட்டிய தூரம் நனைந்துவிடும். வாடை வீசினால் வடகடலில் தண்ணீர் கூடும். சோளகம், அதாவது தென்மேல் காற்று, என்றால் தென்கடல் எழும்பும். காற்றைப் பார்த்துத்தான் நாங்கள் வலை வைக்கும் பக்கத்தையே மாற்றுவோம். வடகரையில் வீடு, வாடைக்காலத்தில் தென்கரையில் வாடி, மீன்பிடிக் குடில். என் அப்பப்பா காலத்திலிருந்து இதுதான்.

பழைய வாத்தியார்:
நல்ல கேள்வி பிள்ளை. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு எடுத்த பழக்கம் போகவில்லை.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர். வடமேற்காக நீண்டு கிடக்கும் மெல்லிய நாக்கு. அடியில் பழைய சுண்ணாம்புக்கல், மேலே மணல். மலை இல்லை, ஆறு இல்லை. தீவின் மேற்கு முனை தலைமன்னார். அதற்கு அப்பால் மணல் திட்டுகள் தொடர்ச்சியாக இராமேசுவரம் தீவு வரை போகின்றன. இராமர் அணை, ஆதாம் பாலம் என்று பல பெயர். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது பாக்கு நீரிணை என்று ஒன்று கிடையாது. நடந்தே போகலாம். பனி உருகக் கடல் ஏறியது, இடையில் இருந்த தாழ்நிலம் மூழ்கியது. தாம்போதியில் நீங்கள் பார்த்த பாதித் தரை, பாதி நீர் என்ற கோலம், அந்த மூழ்கல் பாதியில் நின்ற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெருநிலக் கரை. தாம்போதிக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் மாந்தை. பாளி நூல்களில் மகாதித்த, நம் பதிகங்களில் மாதோட்டம். உலகத்துக் கப்பல்கள் வந்த துறை. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் தோண்டினார்கள். சீனப் பீங்கான், பாரசீக மட்பாண்டம் எல்லாம் வந்தன. போர் வந்தது, தோண்டல் நின்றது. போர் முடிந்த கையோடு 2009–10இல் மறுபடி தோண்டியபோது கிடைத்த கருகிய தானியங்களுக்குள் மிளகு இருந்தது, ஒரேயொரு கிராம்பும் இருந்தது. அந்தக் கிராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்து மண்படையில் கிடைத்தது. கிராம்பு அந்நாளில் விளைந்தது கிழக்கே இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும். அங்கிருந்து மாந்தை வரை வந்து, யாரோ ஒருவருடைய கைதவறிக் கீழே விழுந்திருக்கிறது. எத்தனை கல்வெட்டு படித்தாலும் எனக்கு அந்த ஒற்றைக் கிராம்பு தரும் சந்தோசம் வருவதில்லை.

சோழர் இந்த ஊருக்கு இராஜராஜபுரம் என்று பெயர் வைத்துக் கோயிலும் கட்டினார்கள். அதற்குப் பிறகு துறைமுகம் மங்கிப்போனது. சுந்தரர் பாலாவிக் கரை என்று பாடிய இடத்தில் இன்றைக்கு இருப்பது அமைதியான தீர்த்தம்தான். பெரிய துறையாக இருந்த இடம் தரவையாகக் கிடக்கிறது.

உள்ளான்:
வாத்தியார் ஐயா கிராம்பைச் சொன்னார். நான் சேற்றைச் சொல்கிறேன்.

மலைநாட்டாள் அக்கா, நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வங்காலைச் சரணாலயத்தின் பகுதி. 2008இல் சரணாலயம் ஆனது, 2010இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 4,839 ஹெக்டேர். முள்பற்றை, புல்தரை, மணல்மேடு, கண்டல், உவர்ச்சேறு, களப்பு, கடற்புல் படுகை என்று இத்தனை வகை நிலமும் அந்தச் சிறு பரப்புக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அதுதான் ரகசியம். ஒரு பறவைக்கு வற்றினால் ஒரு இடம், பெருகினால் ஒரு இடம், தூங்க ஒரு இடம். எல்லாம் ஒரு பறப்பு தூரத்தில்.

மன்னாரில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நன்னீர் உவர்த்தரையில் பரவும்போது சேற்றுக்குள் தூங்கிக் கிடந்த முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் உயிர் பெறும். பிறகு ஜனவரி முதல் தண்ணீர் மெல்ல மெல்ல வற்றும். வற்ற வற்ற உயிர்கள் செறியும். வட ஆசியாவிலிருந்து வந்த பறவைகள் அந்த நேரத்தில்தான் கொழுத்த சாப்பாட்டைத் தேடும். ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், கொசு உள்ளான் எல்லாம் அப்போது ஆயிரக்கணக்கில் இருக்கும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்கும் இடம் என்பதுதான் ராம்சார் தகுதிகளில் ஒன்று.

பூநாரை சாப்பிடுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? தலையைத் தலைகீழாக நீருக்குள் விடும். நாக்குதான் பம்பு. தண்ணீரை இழுக்கும், அலகின் ஓரச் சல்லடை வழியாக வெளியே தள்ளும், உள்ளே மிஞ்சுவதை விழுங்கும். சில சமயம் ஒரே இடத்தில் காலால் மிதித்து மிதித்து வட்டமாகச் சுற்றும், சேற்றைக் கிளப்ப. தண்ணீர் வற்றிய பிறகு அந்த வட்டங்கள் தரையில் அப்படியே காய்ந்து கிடக்கும். முதல்தடவை பார்த்தபோது யாரோ பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இன்னொன்று. ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் நண்டுண்ணி முட்டையிடுகிறது. கரைப்பறவைகளில் இந்த ஒரே இனம்தான் மணலில் வளை தோண்டி, உள்ளே வெள்ளை முட்டை ஒன்று இடும். வளைக்குள் சூடு அளவாக இருக்கும், வெயில் படாது. அந்தத் திட்டுகள் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டன. ஆள் நடமாட்டம் இல்லாத மணல் என்றால் நமக்குப் பாலைவனம், அதற்குப் பிரசவ வார்டு.

மண்டபத்தான்:
வணக்கம். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஒரு குரல். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் உங்கள் தீவு தெரியாது. ஆனால் ராத்திரியில் தலைமன்னார்ப் பக்கம் வானம் லேசாக வெளிச்சமாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

தீவின் மனிதக் கதை கேட்டால் கப்பலைச் சொல்லாமல் முடியாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலோடு சேர்ந்த நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. மெட்ராஸில் டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை ஒரே டிக்கெட். பிற்பாடு ஓடிய கப்பல்களின் பெயர் இர்வின், கோஷன். எங்கள் தாத்தா அந்த இரண்டையும் சொந்த மாடுகள் மாதிரி பெயர் சொல்லிப் பேசுவார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. அதற்கப்புறம் ராமேசுவரத்திலிருந்து ராமானுஜம் கப்பல் 80களின் நடுப்பகுதி வரை ஓடியது.

கடல்பசுவை யாரும் சொல்லவில்லையே? எங்கள் பக்கம் ஆவுளியா என்போம். உள்ளான் சொன்ன கடற்புல்தான் அதன் மேய்ச்சல். தமிழ்நாட்டில் 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். புல்லுக்கு எல்லைக்கோடு தெரியாது, இரு பக்கமும் காத்தால்தான் உண்டு.

பேசாலையான்:
தம்பி மண்டபத்தான், கப்பல் கதை இனித்தது. கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். புல்லுக்கு எல்லைக்கோடு தெரியாது, சரி. கடலடியைச் சுரண்டும் இழுவைமடி வலைக்கும் தெரியவில்லையே? இரவில் வந்து இழுத்துவிட்டுப் போன பிறகு எங்கள் வலையும் இல்லை, அடியில் புல்லும் இல்லை. எங்கள் நாட்டில் 2017இல் இழுவைத்தொழிலைச் சட்டம் போட்டே நிறுத்தியாயிற்று. எனக்குப் போன வருடம் மட்டும் ஆறு வலைத் துண்டு போனது. இது உங்களைச் சொல்லவில்லை. ஆனால் காப்பகம் என்று அறிவிப்பது ஒரு கை, அடியைச் சுரண்டுவது மறுகை என்று இருக்கக்கூடாது.

மண்டபத்தான்:
அண்ணே, நான் நாட்டுப்படகுக்காரன் வீட்டுப் பிள்ளை. விசைப்படகு எங்கள் வலையையும் விட்டுவைப்பதில்லை. உங்கள் கோபத்தில் பாதி என்னுடையது. இதை இந்த இழையில் முடிக்க முடியாது, ஆனால் மறுக்கவும் மாட்டேன்.

பேசாலையான்:
சரி விடுங்கள். அது தெரிந்தால் போதும்.

ஆதாரம்எங்கே:
இழை நன்றாகப் போகிறது. கெடுக்க வந்திருக்கிறேன். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை (பாவோபாப்) யாராவது இன்னும் பத்து நிமிடத்தில் கொண்டு வருவீர்கள், "அராபிய வணிகர் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டு வந்தனர், 1477இல் நட்டனர்" என்பீர்கள். அறிவிப்புப் பலகையில் ஆண்டு எழுதினால் அது வரலாறு ஆகாது. தீவில் திரியும் கழுதைகளும் அப்படியே. யாரோ ஒரு அராபியர் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய மாதிரி ஒரு கதை.

பழைய வாத்தியார்:
பத்து நிமிடம் காத்திருக்கவே விடவில்லையே.

தம்பி சொல்வதில் பாதி சரி. பெருக்கமரத்தின் வயதை வளையம் எண்ணிச் சொல்ல முடியாது. பல தண்டுகள் ஒட்டிச் சேர்ந்து வளரும், உள்ளே பொந்தாகும். பள்ளிமுனை மரத்தின் சுற்றளவு 19.5 மீட்டர், உயரம் 7.5 மீட்டர்தான். உயர்ந்ததைவிடப் பருத்தது அதிகம். ஆகவே 1477 என்ற ஆண்டை நான் வகுப்பில் சொன்னதில்லை. ஆனால் மரம் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் கையால் வந்தது என்பதில் சந்தேகம் வேண்டாம். இந்தியாவில் உள்ள பெருக்கமரங்களின் மரபணுவைப் பார்த்தபோது, ஆப்பிரிக்காவின் வெவ்வேறு கரைகளிலிருந்து பலமுறை வந்திருப்பது தெரிந்தது. ஒரு வணிகர், ஒரு கப்பல், ஒரு நாள் என்ற கதைதான் பிழை. துறைமுகம் இருந்த கரையில் பல கப்பல், பல நூற்றாண்டு.

கோட்டையைப் பற்றி ஆண்டோடு சொல்லலாம், அதற்கு ஆவணம் உண்டு: போர்த்துக்கேயர் 1560, ஒல்லாந்தர் 1658, ஆங்கிலேயர் 1795. மூன்று பேரும் வந்தது தீவுக்காக இல்லை, தீவின் தெற்கே கடலடியில் கிடந்த சிப்பிக்காக.

முத்துச்சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடந்தது சிலாவத்துறை, அரிப்புக் கரையில். பார் என்று சொல்லப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் சிப்பி ஒட்டி வளரும். சலாபம் நடக்கும் ஆண்டில், வெறுங்கரையில் சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் வாழும் ஓலை நகரம் எழும்பும். கீழக்கரை, தூத்துக்குடி, அரபுநாடு என எங்கிருந்தும் குளியாட்கள் வருவார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒன்று குளியாளுக்கு, மிச்சம் அரசுக்கு. பிறகு சிப்பியை அழுகவிடுவார்கள். அந்த நாற்றத்தை எழுதாத வெள்ளைக்காரப் பயணி இல்லை.

1905இல் அமோக விளைச்சல். அதை நம்பி 1906இல் ஒரு லண்டன் கம்பனி இருபது ஆண்டுக் குத்தகை எடுத்தது. அடுத்த ஆண்டோடு பார் வெறுமையாகிவிட்டது, கம்பனி 1912இல் மூடுவிழா கண்டது. இத்தனைக்கும் 1902இலேயே ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர் வந்து பார்த்து, பெரிய பாரில் குஞ்சுச் சிப்பிகள் ஒட்டிப் பெருகுவதும் சோளகக் கடல் அவற்றை அடித்துக்கொண்டு போவதும் மாறி மாறி நடப்பதைக் குறித்திருந்தார். ஐந்து தொகுதி அறிக்கை. குத்தகைக்காரர் கடைசிவரை எதைப் படித்தாரோ தெரியாது.

ஆதாரம்எங்கே:
சரி, சுண்டைக்காய் விதண்டாவாதம் செய்ய வந்தவனுக்கு முத்து கிடைத்தது. ஒப்புக்கொள்கிறேன். கழுதையை மட்டும் விடமாட்டேன்.

கரைசேர்ந்தவள்:
எல்லாவற்றையும் வாசித்தேன். நான் மன்னாரில் பிறக்கவில்லை. ஆனால் எங்கள் வாப்பாவும் உம்மாவும் எருக்கலம்பிட்டி.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேறச் சொன்னபோது, தீவில் இருந்தவர்களை எருக்கலம்பிட்டிக் கடற்கரையில் கூட்டிப் படகில் ஏற்றினார்கள். பெரும்பாலானோர் போய் இறங்கியது கல்பிட்டி. நான் அங்கே, ஓலைக் கொட்டிலில் பிறந்தேன். உம்மும்மா படகில் வரும்போது கையில் கொண்டு வந்தது ஒரு சுளகு. ஏன் சுளகு என்று கேட்டால், "கையில அதுதான் இருந்துச்சு" என்பார். அவ்வளவுதான் பதில்.

போர் முடிந்து திரும்பிப் போனபோது வளவு எது, வேலி எது என்று தெரியவில்லை. இருபது வருடத்துப் பற்றை. கிணறு தூர்ந்து கிடந்தது. வெளியூரார் படம் எடுத்துப் போட்டு "இயற்கை மீண்டுவிட்டது" என்று எழுதுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். அந்தப் பற்றைக்குள் எங்கள் குசினி இருந்தது. முசலிப் பக்கம் 2012இல் காட்டு ஒதுக்கத்துக்கு எல்லை போட்டபோது, 1990இல் மக்கள் விட்டுப்போன காணிகளும் அதற்குள் அகப்பட்டன. ஆள் இல்லாத நிலம் என்று வரைபடத்தில் தெரிந்ததாம். ஆள் ஏன் இல்லை என்று வரைபடம் சொல்லாது.

பறவைகளின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவை வந்து போகிறவை. நாங்களும் அப்படித்தான் ஆனோம்.

மலைநாட்டாள்:
என்ன எழுதுவதென்று தெரியவில்லை அக்கா. சொன்னதற்கு நன்றி.

பேசாலையான்:
தங்கச்சி, உங்கள் வாப்பாவின் ஊர்க்காரரோடு சின்ன வயதில் ஒரே மைதானத்தில் பந்தடித்தவன் நான். அந்த ஒக்டோபரில் கடைகள் பூட்டிக் கிடந்த தெரு இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

உள்ளான்:
இரண்டு நாள் இடைவெளி விட்டு எழுதுகிறேன். காற்றாலையைப் பற்றி யாரும் தொடவில்லை, ஆனால் இன்றைக்குத் தீவில் போனால் முதலில் கண்ணில் படுவது அதுதான். 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி, தென்கரை நெடுக 30 கோபுரம், 103.5 மெகாவாட். நிலக்கரி எரிப்பதைவிட நல்லது என்பதை நானே சொல்வேன். பிரச்சினை இடம். மத்திய ஆசியப் பறவைத்தடத்தில் வருகிறவற்றுக்கு இலங்கையில் கால் வைக்கும் வாசல் இந்தத் தீவு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பூட்டிய கடற்காகம் ஒன்று 2021இல் வட ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போனது. அப்படிப்பட்ட வழிப்போக்கர்கள் இறங்கும் முற்றத்தில் இறக்கை சுழலும் வேலி போட்டால் எப்படி?

மண்டபத்தான்:
எங்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ஊர் செத்துப்போகவில்லையே. மின்சாரம் எங்கேயாவது பிறக்கத்தானே வேண்டும்?

உள்ளான்:
ஆரல்வாய்மொழி கணவாய். அங்கே களப்பு இல்லை, இருபதாயிரம் நீர்ப்பறவை அந்தியில் தாழப் பறந்து இடம் மாறுவதும் இல்லை. கோபுரத்தின் எண்ணிக்கை இல்லை கேள்வி, எங்கே நடுவது என்பதுதான்.

பேசாலையான்:
எங்களுக்குப் பறவை இரண்டாவது. மன்னிக்கவும், உண்மையைச் சொல்கிறேன். முதலாவது தண்ணீர்.

இந்தத் தீவில் ஆறு இல்லை என்று வாத்தியார் சொன்னார். பிறகு என்னத்தைக் குடிக்கிறோம்? மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கும். கிணறு அதைத்தான் தொடுகிறது. ஆழமாகத் தோண்டினாலும் உவர், அதிகமாக இறைத்தாலும் உவர். மணல்மேடுதான் எங்கள் தண்ணீர்த் தாங்கி. அந்த மணலில் இல்மனைற் என்ற கனிமம் இருக்கிறது, தோண்டி ஏற்றுமதி செய்யலாம் என்று ஆட்கள் துளைபோட்டுப் பார்த்தார்கள். காற்றாலைக்கு உயர்த்தி போட்ட பாதை மழை வெள்ளம் கடலுக்கு ஓடுவதை மறிக்கிறது என்று தென்கரைச் சனம் சொல்கிறது. முன்பு ஒரு நாளில் வடிந்த முற்றத்தில் இப்போது கிழமைக்கணக்கில் தண்ணீர் நிற்கிறதாம். இந்தியப் பெருங்குழுமம் ஒன்று இன்னும் பெரிய திட்டத்தோடு வந்து, 2025 பெப்ரவரியில் தானே விலகிப்போனது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு கோபுர வேலைகளுக்கு எதிராகச் சனம் நாட்கணக்காக வீதியில் இருந்தபோது அரசு ஒரு மாதம் நிறுத்தி வைத்தது.

வருகிற எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "அங்கே ஒன்றும் இல்லை, தரிசு." பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் இருந்தவர் சொன்னதேதான் தங்கச்சி. அவர் சும்மா சொன்னார். இவர்கள் அதைக் கோப்பில் எழுதுகிறார்கள்.

ஆதாரம்எங்கே:
இதற்கு ஆதாரம் கேட்கப் போவதில்லை. எங்கள் கிணறும் போன வருடம்தான் உவர்த்தது.

பழைய வாத்தியார்:
மலைநாட்டாள் பிள்ளைக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. பாட்டியின் சொல்.

1830களில் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தோணியில் மன்னார்க் கரைக்கும் அரிப்புக்கும் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ள வழியாக மாத்தளைக்கு நடை. ஏறத்தாழ 150 மைல், பெரும்பகுதி காடு. வாந்திபேதி. வழியெல்லாம் விழுந்தார்கள், புதைக்கவும் ஆள் இல்லை. கரையில் இறங்கியவுடன் அவர்கள் கண்ட முதல் தண்ணீர் எது? நீங்கள் தாம்போதியில் பார்த்த அதே தண்ணீர். ஏரி மாதிரி விரிந்து கிடக்கும், குடித்தால் உப்பு. கிடைத்த நன்னீரில் நோய். தண்ணீரைப் பார்த்து நம்பாதே என்றது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த வடபாதையை அரசாங்கம் 1899இல் மூடியது. 1914க்குப் பின் ரயில். பிறகு, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. மலையிலிருந்து ரயிலில் தலைமன்னார்ப் பியருக்குக் கொண்டு வந்து, மண்டபத்தான் தம்பி சொன்ன ராமானுஜம் கப்பலில் ஏற்றினார்கள். அந்த ரயில் வரும் நாளில் தலைமன்னார் ஸ்டேசனில் எழும் அழுகைச் சத்தத்தை நான் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். நடந்து வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

மண்டபத்தான்:
வந்து இறங்கியவர்களை இங்கே முகாமில் வைத்தார்கள். எங்கள் அம்மா அங்கே பால் கொண்டுபோய்க் கொடுத்ததுண்டு. தேயிலை இல்லாமல் ரொம்பத் தவித்தார்கள் என்று சொல்வார்.

மலைநாட்டாள்:
எங்கள் பெரியம்மா ஒருவர் 1972இல் அப்படித்தான் போனார். கடிதம் மூன்று வந்தது, பிறகு இல்லை. ராமேசுவரம் பக்கம் கப்பல் நிற்கும் இடத்தில் எடுத்த படம் ஒன்று மட்டும் வீட்டில் இருக்கிறது.

பறவை பார்க்கப் போய் இந்த ஊரின் வழியாக என் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். அடுத்த ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி வரலாம் என்று இருக்கிறேன். தாம்போதியில் எங்கே இறங்கலாம், எத்தனை மணிக்கு வந்தால் நல்லது?

உள்ளான்:
காலை ஆறரைக்கு முன், தள்ளாடிப் பக்கத்தில். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். அம்மாவுக்கு ஒரு சின்ன முக்காலி கொண்டு வாருங்கள், நிற்க நேரும். பூநாரைக் கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நிற்கும். நோய் என்று நினைக்காதீர்கள், இளசுகள்.

கரைசேர்ந்தவள்:
மத்தியானச் சாப்பாட்டுக்கு எருக்கலம்பிட்டிக்கு வாருங்கள். மாமி வீடு இப்போது கட்டி முடிந்துவிட்டது.

பேசாலையான்:
பின்னேரம் பேசாலைக்கு. மீன் நான் பார்த்துக்கொள்கிறேன். குடிக்கிற தண்ணீர் மட்டும் கையோடு கொண்டு வாருங்கள், தங்கச்சி.